ஐஸ் பெட்டிக்கு ஒரு பேர்

டிசம்பர் 3, ஞாயிறு

தினமும் எழுத வேண்டுமாம். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

மகள் தர்சினிதான் திருப்பூரிலிருந்தே பணம் கட்டி என் பேரைப் பதிந்துவிட்டாள். ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ‘சிறுதொழிலுக்கு ஓர் ஆன்மா’ என்று பேனர். வெள்ளைக் குர்தா போட்ட ஒரு பயிற்சியாளர், கழுத்தில் பெரிய பெரிய உருத்திராட்சம். உங்கள் தொழில் எந்தத் தெய்வத்தின் காலடியில் நிற்கிறது என்று முதலில் தேடுங்கள், பேரும் நிறமும் சின்னமும் அங்கிருந்து தானாக வரும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து தொழிலைச் சொல்லச் சொன்னார்கள். செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, குழந்தைகளுக்குச் சத்துமாவு. என் முறை வந்தது.

“ஐஸ் பொட்டி வாடகைக்கு உடறனுங்க.”

“ஐஸ்கிரீமுங்களா சார்?”

“இல்லீங்க. செத்தவங்கள வெக்கற பொட்டி.”

பக்கத்தில் இருந்த நாட்டுச்சர்க்கரைக்காரர் நாற்காலியைச் சத்தம் வர அந்தப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பயிற்சியாளர் தண்ணீர் குடித்துவிட்டு, “நல்ல சேவைங்க” என்றார். அப்புறம் மதியம் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. மதியத்துக்கு மேல், வந்த வாடிக்கையாளரை மறுபடி மறுபடி எப்படி வரவழைப்பது என்று ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது. அட சாமி, எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்றுகூடச் சொல்லக்கூடாது, வாய் திறக்காமல் இறங்கி வர வேண்டும். நான் யாரைப் பார்த்து ‘மறுபடியும் வாங்க’ என்பேன்? சொன்னால் செருப்பால் அடிப்பார்கள்.

கடைசியில், தொழிலின் வேர் தெரிகிறவரை நாட்குறிப்பு எழுதுங்கள் என்று எல்லோர் கையிலும் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் இது.

டிசம்பர் 4, திங்கள்

தொழிலைப் பற்றி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

என் பேர் சென்னியப்பன். பெருந்துறையில் யாரைக் கேட்டாலும் இந்தப் பேர் தெரியாது. பொட்டிக்காரர் என்றால் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கல்யாணப் பந்தல், காதுகுத்துப் பந்தல். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐஸ் பெட்டி வாங்கினேன். அதை ஏற்றிய வண்டியில் கல்யாணத்துக்கு மூங்கில் ஏற்றக்கூடாது என்று ஒருத்தர் சொன்னார். அப்புறம் ஊரே சொன்னது. பந்தல் போயிற்று, பெட்டி நின்றது.

கலாமணி, என் வீட்டுக்காரி, பெட்டி வாங்கிய நாளிலிருந்து அதைக் காம்பவுண்டுக்குள் விட்டதில்லை. ரோட்டோரத்துக் கொட்டகையில்தான் கிடக்கும். நான் வேலை முடிந்து வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே குடத்தில் மஞ்சத்தண்ணி தயாராக இருக்கும். ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அந்தத் துணி வேறு துணியோடு சேராது. எட்டு வருடத்தில் அவள் அந்தப் பெட்டியைக் கிட்டத்தில் வந்து பார்த்ததில்லை. கோபமெல்லாம் இல்லை, பயம்.

எனக்குப் பயமில்லை. பெட்டி ஏற்றிக்கொண்டு போகும்போது ஆரன் அடிக்க மாட்டேன், காலி வண்டியானாலும் சரி. வண்டி எடுக்கும் முன்னால் சூடம் பற்ற வைப்பேன். சாமி காரியம் என்றுதான் செய்கிறேன். ஆனால் வண்டியில் பேர் இல்லை. ‘ஃப்ரீசர் பாக்ஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நல்லதாக ஒரு சாமி பேர் விழுந்துவிட்டால் கலாமணிக்கும் அது சாவுப் பெட்டியாகத் தெரியாது என்று ஒரு நினைப்பு. இதைத்தான் தர்சினியிடம் சொன்னேன், அவள் என்னை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டாள்.

கலாமணிக்கு இன்றைக்கும் வயிறு மந்தம். ரசஞ்சோறு ஒரு கைப்பிடி சாப்பிட்டாள். வாயுத் தொல்லைதான்.

டிசம்பர் 9, சனி

இரண்டு தடவை பெட்டி வாடகைக்குப் போயிற்று. பெட்டியின் ரப்பர் பட்டை மாற்ற வேண்டும். கலாமணியை நம்மூர் டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாயுதான்.

டிசம்பர் 17, ஞாயிறு

வேர் கிடைத்துவிட்டது! நம் குலதெய்வம் காட்டுநாச்சியம்மன் இருக்கும்போது நான் எங்கே தேடுகிறேன்? அவளே சுடுகாட்டுக்குப் போகிற வழியில் உட்கார்ந்திருப்பவள். ‘காட்டுநாச்சி ஃப்ரீசர் பாக்ஸ்.’ சொல்லிப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

வண்டியில் எழுதும் முன்னால் தினசரிக் காலண்டர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மேலே அம்மன் படம், கீழே தேதித்தாள், நடுவில் ‘24 மணி நேரமும் ஃப்ரீசர் பாக்ஸ் கிடைக்கும்’. புது வருடத்துக்கு எல்லாக் கடைக்காரனும் காலண்டர் கொடுக்கிறான், நான் கொடுத்தால் என்ன? ஸ்டிக்கர் கடை மைதீன் தம்பிதான் படம் போட்டுக் கொடுத்தார். “நல்லா ரோசன பண்ணீங்களாண்ணா?” என்று இரண்டு தடவை கேட்டார். இந்தத் தம்பிக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 28, வியாழன்

என்னைப் போல ஒரு மடையன் ஈரோடு ஜில்லாவில் இருக்க மாட்டான்.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் முதல் காலண்டரை நீட்டினேன். வாங்கிப் பிரித்தார். அம்மனைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கீழே படித்தார். ஒற்றிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “வெச்சுட்டுப் போங்க” என்றார். நான் தெருமுனை திரும்பும் முன்னால் அதைக் கடைக்கு வெளியே உப்பு மூட்டை மேல் வைத்துவிட்டார். ஒரு வீட்டில் அந்தம்மா அழுதே விட்டது. படுத்த படுக்கையாக மாமனார் இருக்கிறாராம், அவர் காதில் விழுகிற மாதிரி ‘உங்களுக்குப் பொட்டிக்காரர் காலண்டர் கொண்டாந்திருக்கறாரு’ என்று அந்தம்மாவின் பையன் கத்திவிட்டான்.

தினம் காலையில் எழுந்து ஒரு தாள் கிழிக்கும்போதெல்லாம் கீழே ஐஸ் பெட்டி என்று இருந்தால் யார் வீட்டில் மாட்டுவார்கள்? இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மாட்டியது மூன்றே இடம். சலூன், சுடுகாட்டு வாட்ச்மேன் ரூம், ஆஸ்பத்திரி பிணவறைச் சுவர். மிச்சக் கட்டு கொட்டகையில் கிடக்கிறது. அம்மன் முகம் இருப்பதால் குப்பையில் போடவும் முடியாது, கொளுத்தவும் முடியாது.

கலாமணியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததால்தான் பிடித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு

கோயிலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. முதன்மைக்காரர் அர்த்தனாரி அண்ணன் கையில் என் காலண்டர்.

“ஏப்பா சென்னியப்பா, கொலதெய்வத்தக் கொண்டுபோயிப் பொணப் பொட்டிக்குக் காவல் வெச்சிருக்கறயா?”

“இல்லீங்ணா, அம்மா பேர்ல தொழில் பண்றது தப்புங்களா? அரிசி மில்லுக்கு வெச்சிருக்கறாங்க, கோழிப்பண்ணைக்கு வெச்சிருக்கறாங்க. கோழிக்குக் காவல் இருக்கற அம்மன் மனுசனுக்கு இருக்க மாட்டாளா?”

“வாயப் பாரு. நீ வருசம் முச்சூடும் தீட்டுல கெடக்கறவன். எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தா நாங்களே பதனாறு நாளு கோயல் வாசப்படி மிதிக்கறதில்ல. நீ தெனமும் போறவன். உனக்கு எங்கிருந்து அம்மன் பேரு?”

“உங்கய்யன் போனப்போ மத்தியான வெயில்ல நாந்தானுங்ணா பொட்டி கொண்டாந்தேன். அன்னைக்கித் தீட்டுப் பாத்தீங்களா?”

பேசியிருக்கக்கூடாது. என் நாக்கில் சனி. கூட்டமே எழுந்துவிட்டது. பேரை எங்கேயும் எழுதக்கூடாது, கொடுத்த காலண்டரையெல்லாம் திருப்பி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாங்குவதற்கு என்ன, மூன்று இடம்தான். பிணவறைக்காரர் மட்டும் தரமாட்டேன் என்றார். அங்கே இருக்கிற ஒரே சாமி படம் அதுதானாம்.

ஜனவரி 12, வெள்ளி

கோயமுத்தூர் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. கண்ணாடி லிஃப்டை ஒட்டி ஆளுயரத்துக்கு மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். கலாமணி அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தாள்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். ஒரு தாளில் வயிற்றைப் படம் வரைந்து, பேனாவால் அங்கங்கே கறுப்பாகத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். சொன்னதெல்லாம் இங்கிலீசு கலந்த பேச்சு, எனக்கு முழுதாகப் புரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது கலாமணி கேட்டாள், “என்னங்க சொன்னாரு?” அல்சர், காரம் கூடாதாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “காரந் தின்னே மூணு மாசமாச்சுங்க” என்றாள்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். இன்றிலிருந்து வண்டி எடுப்பதில்லை. யார் கூப்பிட்டாலும் விஜயமங்கலத்துப் பெட்டிக்காரர் நம்பரைக் கொடுக்கிறேன். என்னோடு பெட்டி தூக்குகிற வேலுச்சாமி ஏனுங்க என்று கேட்டான். ரேடியேட்டர் கோளாறு என்றேன். நேற்றுத்தான் அவனே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 2, வெள்ளி

எந்த எழவு வீட்டுப் படியும் மிதிக்காமல் பதினாறு நாள் கழித்தாயிற்று. விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போனேன். அர்த்தனாரி அண்ணன் என்ன, அவர் பாட்டன் வந்தாலும் இன்றைக்கு என்னைத் தீட்டு என்று சொல்ல முடியாது.

பூ கேட்டேன். நம் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அம்மனிடம் பூ கேட்காமல் செய்வதில்லை. பூசாரி அம்மன் சிலையை நனைத்து, இரண்டு தோளிலும் அரளிப் பூ ஒட்டுவார். வலது பக்கத்துப் பூ விழுந்தால் ஆகும். இடது பக்கம் விழுந்தால் ஆகாது. கேட்கிற கேள்வியை மனசுக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

“தொழிலுக்குப் பேருங்களா?” என்றார் பூசாரி. ஆமாம் என்றேன். பேர்தான் கேட்டேன். வேறென்ன கேட்பேன்?

கண்ணை எடுக்காமல் நின்றேன். சூடம் இரண்டு தடவை அணைந்தது. வெயில் கருவறை வரைக்கும் வந்துவிட்டது. சிலை காய்ந்தே போயிற்று. காய்ந்தால் பூ விழ வேண்டும் இல்லையா? விழவில்லை. இரண்டுமே அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றன. பூசாரிக்கே ஆச்சரியம். “நானும் முப்பது வருசமா பூசை பண்றேன். அம்மா இப்படி வாயத் தொறக்காம இருந்ததே இல்லீங்க. இன்னொரு நாளைக்கிக் கேளுங்க” என்றார்.

இன்னொரு நாளைக்கு நான் எங்கே போக? ஆகாது என்றாவது சொல்லலாமே அவள். இடது பக்கப் பூவைத் தள்ளிவிட்டிருந்தால்கூட ஒரு அழுகை அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கல்தானே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பூசாரி காதைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். “பூ உழுந்துதுங்களா?” என்று கேட்டாள் கலாமணி. அவளிடம் நான் கோயிலுக்குப் போவதாகச் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தர்சினி வந்துவிட்டாள், இரண்டு பெட்டித் துணியோடு. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் ஜாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தையல் பிடித்தாள். இதற்கு மேல் பிடிக்கத் துணி இல்லை என்று மிஷினை மூடிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய் திறந்தால் எனக்குக் கேட்காதா?

மைதீன் தம்பி போன் செய்தார். வண்டிக்குப் பேர் முடிவாயிற்றா என்று கேட்டார். பயிற்சி வகுப்புக்காரர்களும் வாட்ஸப்பில் கேட்கிறார்கள், ‘உங்கள் பிராண்டின் ஆன்மா கிடைத்ததா?’ நாட்டுச்சர்க்கரைக்காரர் பொன்னிற எழுத்தில் புதுப் பை போட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 19, திங்கள்

குளியலறையில் கலாமணிக்குக் கால் மடங்கிவிட்டது. நான்தான் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டேன்.

நான் தூக்குகிற தொழில் செய்கிறவன். ஒரு ஆளைத் தூக்கினால் எத்தனை கிலோ என்று கை சொல்லிவிடும், தராசு வேண்டாம். இன்றைக்கும் கை சொல்லிற்று. அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை. மோட்டார் ரிப்பேர். தண்ணி லாரி சொன்னேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இனிமேல் கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வலிக்கு மட்டும் ஊசி என்றார்கள். அலைச்சல் குறையும் என்று நானும் சரி என்றேன்.

சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு. தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். அர்த்தனாரி அண்ணனோடு நடந்த சண்டையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். சிரித்தாள்.

“ஏனுங்க, சாமி பேரு வெச்சாத்தான சண்டைக்கி வர்றாங்க. மனுசி பேரு வெய்ங்க.”

“எந்த மனுசி வெக்க உடுவா?”

“என்ற பேர வெய்ங்க.”

உசிரோடு இருக்கிற சுமங்கலி பேரை அந்தப் பெட்டி மேல் எழுதுவதா! வாயைக் கழுவு என்று கத்தினேன். உன்ற புத்தி பேதலிச்சுப் போச்சா என்றேன். கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். தர்சினி ஓடி வந்தாள். கலாமணி கொஞ்சமும் அசையவில்லை.

“எட்டு வருசமா அதைப் பாத்துப் பயந்தனுங்க. இப்பப் பயமில்லீங்க. நீங்க பேருக்கு நாயா அலையறீங்க, அம்மனுங் குடுக்கல, ஊருங் குடுக்கல. நாங் குடுத்துட்டுப் போறனே. எங்கிட்ட வேற என்ன இருக்குது குடுக்கறதுக்கு?”

நான் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வாய் திறக்காமல் வந்துவிட்டேன். பாதி ரோட்டில் அது உறைத்து, திரும்ப ஓடி, ஜன்னல் வழியாகவே “போயிட்டு வர்றேன் கலா” என்று கத்தினேன். பால்காரர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 3, ஞாயிறு

மைதீன் தம்பி வீட்டு வாசலில் நிற்கிறார், கையில் சுருட்டிய ஸ்டிக்கரோடு. நான் சொல்லவில்லை. கலாமணியே தர்சினியின் போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். மஞ்சளில் குங்கும நிற எழுத்து, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. கலாமணி.

“அண்ணா, அக்கா சொன்னப்ப முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வல்லீங்ணா” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஸ்டிக்கரைப் பிடுங்கிக்கொண்டேன். கிழிக்கத்தான் பிடுங்கினேன். அவள் பேரை எப்படிக் கிழிப்பது? கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து குரல் வருகிறது. “கீழ போன் நம்பர் போட்டாச்சுங்களா தம்பி? அவரு நம்பரே போடுங்க. என்ற நம்பரப் போட்டா யாரு எடுக்கறது?”

மார்ச் 5, செவ்வாய்

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

முடியாது என்றேன். தர்சினி காலில் விழாத குறையாக வேண்டாம் என்றாள். கலாமணி கேட்கவில்லை. கண்ணில் பார்க்காமல் பேர் எழுதிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா என்றாள். கடைசியில் வேலுச்சாமியும் நானும் கொட்டகையிலிருந்து தூக்கி வந்தோம். எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் காம்பவுண்டுக்குள். எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வாசலில் வேப்ப மரத்தடியில் இறக்கினோம். நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “இத்தன அழுக்கா வெச்சிருக்கறீங்க? இதிலயா அடுத்தவங்க ஊட்டு அம்மா அப்பனப் படுக்க வெக்கறீங்க?” என்று என்னைத் திட்டினாள். சோப்புத் தண்ணி கொண்டுவரச் சொல்லி, துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மூன்று இழுப்புக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிற்று. நான் துடைக்கிறேன் என்றதற்குக் கையைத் தட்டிவிட்டாள். கால் மாட்டு மூலை அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை நானும் தர்சினியும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். அதையும் துடைத்தாள். நான் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை.

துடைத்து முடித்து மஞ்சள் குழைத்து நான்கு மூலையிலும் வைத்து, குங்குமம் வைத்தாள். ஸ்டிக்கரைத் தானே ஒட்டினாள். கொஞ்சம் கோணல். எடுத்துத் திரும்ப ஒட்டினால் பசை போய்விடும் என்று அப்படியே விட்டோம்.

“ஓடுதான்னு பாக்கலாம், ப்ளக் போடுங்க.”

“வேண்டாம் கலா.”

“போடுங்க.”

வேலுச்சாமி வயரை இழுத்துப் போய் மாட்டினான். பெட்டி உறுமியது. மூடியை அரையாகத் தூக்கச் சொன்னாள். தூக்கிப் பிடித்தேன். குளிர் காட்டுகிற எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கையை உள்ளே விட்டு, விரித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது தீ மேல் கையைக் காட்டுகிற மாதிரி.

அப்புறம் கையை வெளியே எடுத்து என் கைக்குள் வைத்தாள். விறைத்துப் போயிருந்தது.

“இத்தன குளுரு எனக்கு ஆவாதுங்க. எனக்கு வெக்கறப்ப சித்தெ கொறச்சு வெய்ங்க.”

அந்தப் பெட்டியில் குளிரைக் குறைக்க முடியாது. ஒரே அளவுதான், கம்பெனியிலேயே வைத்துப் பூட்டி அனுப்புகிறார்கள். எட்டு வருடமாக ஓட்டுகிற எனக்குத் தெரியாதா.

“கொறச்சு வெக்கறேன்” என்று சொன்னேன்.